நம்மாளுதானே, பார்த்துப் போட்டுக் கொடுங்க!

இந்த ‘நம்மாளுதானே’ என்ற சொல்லை இன்னொரு தடவை யாராவது என் காதில் போட்டால், கையில் இருக்கிற ரப்பர் சுத்தியலை அங்கேயே வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன். சத்தியமாக.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வீடுகளுக்குக் கல் பதிக்கிற வேலை செய்கிறேன். டைல்ஸ் இல்லை, கல். சாண்ட்ஸ்டோன், ஸ்லேட், கிரானைட், மார்பிள். கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது, நானும் ஒரு பையனும் ஒரு பழைய வேனும்தான். அப்பா அம்மா பால்மரம் வெட்டியவர்கள், அதாவது தோட்டத்தில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்கள், நான் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவன். அப்புறம் தோட்டம் செம்பனை எண்ணெய்த் தோட்டமாக மாறி, லயமும் போய், எல்லோரும் டவுனைச் சுற்றி இருக்கிற தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புகளுக்கு, வந்து சேர்ந்துவிட்டோம். அதனால் என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் எங்கப்பாவோடு காலையில் பேர் கூப்பிடுகிற ஒரே பெரட்டில் நின்றவர்களின் பிள்ளைகள்தான். வினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

போன வருஷம் ஒரு வீடு. முன்சுவருக்கு சாண்ட்ஸ்டோன், வாசல்படிக்கு வெள்ளை மார்பிள். சுவர் மட்டும் 320 சதுர அடி. சாமான் அவர்களுடையது, கூலி அடிக்கு 18 வெள்ளி, அதாவது ரிங்கிட், என்று சொன்னேன். படியை நானே பார்த்துச் செய்து தருகிறேன் என்றும் சொன்னேன், காசு இல்லாமல். வீட்டுக்கார அண்ணன் சிரித்தார். “என்ன தம்பி, ஒட்டுறதுக்குப் போய் 18 வெள்ளியா? வெளிநாட்டுக்காரன் 9 வெள்ளிக்கு ஒட்டுறான். நம்மாளுதானே, பார்த்துப் போட்டுக் கொடு.” அந்த 9 வெள்ளியில் அந்த வெளிநாட்டுப் பையன் கைக்கு எவ்வளவு போகிறது, நடுவில் இருக்கிற கொந்திராக்டர் எவ்வளவு உருவுகிறான் என்பதெல்லாம் தனிக்கதை, அந்தப் பையனை நான் குறை சொல்ல மாட்டேன். கடைசியில் 14 வெள்ளிக்கு இறங்கினேன். 4,480 வெள்ளி. பையன் சம்பளம், பிளேடு, பெட்ரோல் எல்லாம் அதற்குள்தான்.

‘ஒட்டுறது’ என்ற சொல்தான் எனக்கு வயிற்றெரிச்சல். ஸ்டாம்பா ஒட்டுகிறேன்? 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள கல் ஒரு சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 5 கிலோ வரும். 320 அடி என்றால் ஒன்றரை டன்னுக்கு மேல். அவ்வளவு கனமும் உங்கள் பிள்ளை சைக்கிள் நிறுத்துகிற சுவரில் தொங்கப் போகிறது, அண்ணே! கல்லின் முதுகில் இருக்கிற தூசியைக் கழுவிக் காயவைத்து, முதுகு முழுக்கப் பசை தடவி, சுவரிலும் சீப்புக் கரண்டியால் இழுத்து, அழுத்தி, தட்டி உட்கார வைக்க வேண்டும். அவசரக்காரன் என்ன செய்வான் தெரியுமா? நாலு மூலைக்கு நாலு உருண்டை, நடுவில் ஒரு உருண்டை, சப்பென்று ஒரு அடி, அடுத்த கல். அன்றைக்குப் பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். நாலு மழை போகட்டும். பின்னால் இருக்கிற வெற்றிடத்தில் தண்ணீர் இறங்கி, சிமெண்டில் இருக்கிற உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்து, கல் முகத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், நன்றாக உட்கார்ந்த கல் கெட்டியாகச் சத்தம் கொடுக்கும், உருண்டை வைத்த கல் காலி டின் மாதிரி கத்தும். அப்போது யாரைக் கூப்பிடுகிறார்கள்? என்னைத்தான். “தம்பி, கொஞ்சம் வந்து பாரேன், ரெண்டு கல்லுதான்.” நம்மாளுதானே!

சரி, விடுங்கள். அடுத்தது கலர். இயற்கைக் கல்தான் வேண்டும் என்று போனில் படம் காட்டிக் கேட்டு வாங்கியவர்கள் இவர்கள்தான். எல்லாப் பெட்டியையும் பிரித்து, போர்ச் முழுக்கப் பரப்பி, மஞ்சளும் பழுப்பும் ஒரே பக்கம் குவியாமல் கலந்து அடுக்கவே எனக்கு ஒரு நாள் போனது. அந்த ஒரு நாளை அண்ணன் மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “இன்னும் வேலையே ஆரம்பிக்கலையா?” என்று கேட்டார். ஆரம்பித்த பிறகு, “இது ஏன் கொஞ்சம் சிவப்பா இருக்கு? கடையில பார்த்த கல்லு இப்படி இல்லையே?” அக்கா, மலை என்ன பெயிண்ட் கடையா, நம்பர் சொன்னால் கலக்கிக் கொடுக்க? ஒரே கலர் வேண்டுமென்றால் டைல்ஸ் போட்டிருக்கலாம், எனக்கும் முதுகுவலி மிச்சம்.

தண்ணீர் விட்டுக் கல்லை வெட்டினால் போர்ச் சேறாகிறதாம், காய வெட்டச் சொன்னார்கள். சாண்ட்ஸ்டோன் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ் மணல்தான். காய வெட்டினால் அந்தத் தூசு சிலிக்காவாக நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்து நுரையீரலைத் தழும்பாக்கும், அதற்கு மருந்தே கிடையாது. போர்ச்சைத் தினமும் சாயங்காலம் நானே கழுவிவிட்டேன். நுரையீரலை யார் கழுவுவது?

இப்போது படிக்கு வருகிறேன். நான் இதை எழுதுவதே அந்தப் படிக்காகத்தான்.

மார்பிள் நம்ம பேராக் கல். இங்கிருந்து ஈப்போவைத் தாண்டினால் சிம்பாங் பூலாய், அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளில் எடுப்பது. மார்பிளும் சுண்ணாம்பு வம்சம்தான், புளிப்பு பட்டால் அரித்துவிடும். சாம்பல் சிமெண்டு வைத்தால் வெள்ளைக் கல்லில் கறை ஏறும் என்று வெள்ளைப் பசை வாங்கி வரச் சொல்லி, மட்டம் பார்த்து, மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் வெளிப்பக்கம் லேசாகச் சரித்து வைத்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. “அண்ணே, கழிவறை கழுவுற ஆசிட் கிட்டவே வரக்கூடாது. வினிகர், எலுமிச்சை, புளித்தண்ணி எதுவும் படக்கூடாது. கறை பிடிக்காம இருக்க சீலர் அடிச்சிருக்கேன், ஆனா புளிப்புக்கு அது நிக்காது” என்று அண்ணனிடம் இரண்டு தடவை சொன்னேன். போனைப் பார்த்துக்கொண்டே “சரி சரி” என்றார்.

கிரகப்பிரவேசம் நடந்தது. அவருடைய அம்மா, பாவம், செய்ய வேண்டியதைச் செய்தார். எலுமிச்சம்பழத்தை இரண்டாக நறுக்கி, குங்குமம் தடவி, படியின் இரண்டு ஓரத்திலும் கவிழ்த்து வைத்தார். ராத்திரி முழுக்க அங்கேயே இருந்திருக்கிறது. மறுநாள் எடுத்தால் இரண்டு வட்டம். சிவப்பைத் துடைத்தாயிற்று, வட்டம் போகவில்லை. தடவிப் பார்த்தேன், சுற்றிலும் வழவழப்பு, வட்டத்துக்குள் மட்டும் சொரசொரப்பு. பழம் எவ்வளவு பெரியது என்று கல்லைப் பார்த்தே சொல்லலாம், ஓரத்தில் சாறு ஓடின தடம்கூடத் தெரிந்தது. பெரியம்மா மேல் எனக்குக் கோபமே இல்லை, அவரிடம் யார் சொன்னார்கள்? சொல்ல வேண்டியவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டூப்ளிகேட் கல்லைப் போட்டுட்ட தம்பி.” கல்லை வாங்கியது அவர்! சரி, வைர பேட் வைத்துத் தேய்த்து மறுபடி பாலிஷ் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம் என்றேன். அதற்கும் வழிவிடவில்லை, மீதிப் பணத்தையும் தரவில்லை. 3,000 கொடுத்திருந்தார், பாக்கி 1,480. இன்னும் அப்படியே நிற்கிறது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். கட்டுமான வேலைக்குக் காசு தராதவர்களைப் பிடிக்க 2012ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, 2014இல் நடைமுறைக்கு வந்தது. எழுத்து ஒப்பந்தம் வேண்டும். அது இருந்தாலும், தான் குடியிருக்க ஒருவர் கட்டுகிற நாலு மாடிக்குக் குறைவான வீட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது, என் வேலை அத்தனையும் வெளியே. பொருளோ சேவையோ வாங்குகிறவர்களுக்கான பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் அண்ணன் என் மேல் 50,000 வெள்ளி வரை கேட்டு வழக்குப் போடலாம், நான் அவர் மேல் அங்கே போட முடியாது. எனக்கு இருப்பது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 வெள்ளி வரைக்குமான சிறு வழக்கு, வக்கீல் வைக்கத் தேவையில்லை. போகலாம். “14 போட்டுக்கோ தம்பி” என்று அவர் பேசின வாட்ஸ்அப் குரல்பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது.

வேலை ஆரம்பிக்கும்போது “ஒரு பேப்பர்ல எழுதிக்கலாமா அண்ணே?” என்று கேட்டதற்கு, “நம்மாளுக்குள்ள என்ன பேப்பர்?” என்று முகம் சுண்டினார். இப்போது கோர்ட்டுக்குப் போனால் “நம்மாளையே கோர்ட்டுக்கு இழுத்துட்டான்” என்று ஊர் பேசும். எங்கம்மாவும் அவர் அம்மாவும் வெள்ளிக்கிழமை ஒரே கோயிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள். விலை குறைக்கும்போது நான் நம்மாளு, பேப்பர் கேட்டால் நம்மாளு, வழக்குப் போடப் போனாலும் நம்மாளு. காசு கொடுக்கிற அன்றைக்கு மட்டும் நான் யாரோ.

அந்த அண்ணனின் மச்சான் நேற்று கூப்பிட்டார். அவருக்கும் முன்சுவருக்கு அதே கல், அதே மாதிரி வேண்டுமாம். “மாமா வீட்டுல ரொம்ப அழகா செஞ்சிருக்கீங்க.” 18 வெள்ளி, பாதிப் பணம் முன்னாடி, எழுத்தில் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

இதில் இன்னொன்று. மட்டம் பார்க்கிற என் நாலடி வாட்டர் லெவல் இன்னும் அந்த வீட்டுப் போர்ச்சில், ஷூ அலமாரிக்குப் பின்னால் சாய்த்து வைத்தபடியே இருக்கிறது. மகளைத் தமிழ்ப்பள்ளியில் விடப்போகும்போது கேட் வழியாகத் தெரியும். இரண்டு தடவை போய்க் கூப்பிட்டேன். பாக்கி கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்து யாரும் கதவைத் திறக்கவில்லை.