வராத சேவலுக்குக் குறைவாகக் கூவுங்கள்

வசந்த காலத்து வான்கோழி வேட்டையில் ஒரு சேவல் நெருங்கி வராமலே போய்விட்டால், "அது கெட்டிக்காரக் கிழம்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். என் கருத்து வேறு. பெரும்பாலும் அதை ஈர்க்க நாம் பெட்டையின் குரலில் கூவிய கூவல்தான் அதை வரவிடாமல் செய்திருக்கும். சேவல் கத்துவதே பெட்டைகளை வரவழைக்கத்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பெட்டைதான் அதனிடம் நடந்து போகும். பெட்டைபோல் கூவிச் சேவலைத் தன்னிடம் வரவழைக்கும் வேட்டைக்காரர் இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கப் பார்க்கிறார். அது கத்தும்போதெல்லாம் பதில் கூவினால், பெட்டை எப்படியும் வந்துவிடும் என்று நின்ற இடத்திலேயே தோகையை விரித்துக்கொண்டு காத்திருக்கும்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தின் தெற்கே உள்ள ஓசார்க் மலைக்காடுகளை வைத்துச் சொல்கிறேன். அங்கே முக்கியமான பருவம் ஏப்ரல் நடுவில் தொடங்கி மூன்று வாரம் நடக்கும். அந்தச் சமயத்தில் பெட்டைகள் முட்டையிட்டுக்கொண்டிருக்கும். விடியலில் சேவலோடு மேயும், பிறகு ஒவ்வொன்றாகக் கூட்டுக்கு நழுவும். பத்துப் பன்னிரண்டு முட்டை சேர்ந்ததும் 28 நாள் அடைகாக்க உட்கார்ந்துவிடும். ஆகவே காலை ஆறு மணிக்கு நான்கு பெட்டைகள் சூழ நின்று உங்களைத் திரும்பிப் பார்க்காத அதே சேவல், ஒன்பதரை மணிக்குத் தனியாக அலையும். பொது நிலங்களில் வேட்டை மதியம் 1 மணியோடு முடிகிறது. எட்டரைக்கே வண்டிக்குத் திரும்புகிறவர்கள் நாளின் நல்ல பகுதியை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

வேலை முந்தின நாள் மாலையிலேயே தொடங்குகிறது. பொழுது சாயும்போது மேட்டில் நின்று, அங்கே பரவலாக இருக்கும் கோட்டு ஆந்தையைப் போல ஒருமுறை குரல் கொடுங்கள். இரவு தங்கும் அடைமரத்தில் ஏறிய சேவல் திடீர்ச் சத்தத்துக்குத் தன்னையறியாமல் கத்திவிடும், அது இருக்கும் இடம் தெரிந்துவிடும். பகலில் இதே வேலைக்குக் காகக் குரல் போதும். பெட்டைக் குரலில் தேடினால், நீங்கள் உட்காரும் முன்பே அது வந்துவிடக்கூடும்.

உட்காரும் இடம்தான் கூவலைவிடப் பெரிய விஷயம். விடியலுக்கு முன் இருட்டிலேயே அடைமரத்திலிருந்து 100 முதல் 150 கஜத்துக்குள் போய்விட வேண்டும். கிளைகள் துளிர்க்காத பருவத் தொடக்கத்தில் இன்னும் தள்ளியே இருங்கள், மேலிருந்து அதற்கு எல்லாம் தெரியும். சேவல் நிற்கும் மட்டத்திலோ அதற்கு மேலோ இருங்கள். இடையில் ஓடை, கம்பிவேலி, முட்புதர் எதுவும் வேண்டாம். பறந்து தாண்டக்கூடிய பறவைதான், ஆனால் நடந்து வரும்போது இவற்றின் முன்னால் தயங்கி நின்றுவிடும்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. திறந்த வெளியைப் பார்த்தபடி உட்காராதீர்கள். 80 கஜத்திலிருந்தே நீங்கள் இருக்கும் இடம் அதற்குத் தெரிந்தால், சத்தம் வந்த இடத்தில் பெட்டை இல்லை என்பதும் தெரியும், அங்கேயே நின்றுவிடும். மேட்டின் முகட்டுக்குச் சற்றுப் பின்னால், அல்லது பழைய வண்டித்தடம் வளையும் இடத்தில் உட்காருங்கள். பெட்டையைத் தேடித் தலையை நீட்டும்போதே அது 35 கஜத்துக்குள் வந்திருக்க வேண்டும்.

முதுகுக்குப் பின்னால் உங்கள் தோளைவிட அகலமான மரம் இருக்கட்டும். வலக்கைக்காரர் இடது தோளைச் சேவல் வரும் பக்கம் திருப்பி, முழங்காலை மடக்கி, அதன்மேல் துப்பாக்கியைத் தாங்கவைக்கலாம். முகத்துக்கும் கைக்கும் உறை வேண்டும். வான்கோழிக்கு மோப்பம் சொற்பம், கண்தான் எல்லாம். தலையைச் சற்றுத் திருப்பினாலே சுற்றிலும் பார்த்துவிடும். துப்பாக்கியை நகர்த்த வேண்டுமானால் சேவலின் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறையும் நொடியில் மட்டும்.

இனி கூவல். அது இன்னும் மரத்தில் இருக்கையில் மூன்று நான்கு மெல்லிய குரல், அவ்வளவுதான். பதில் வந்துவிட்டால் நீங்கள் இருக்கும் இடம் அதற்குத் தெரியும், கூவல் கருவியைக் கீழே வையுங்கள். இறங்கிய பிறகு, பெட்டை இரை தேடுவதுபோல் கையால் சருகைக் கிளறுங்கள்: இரண்டு வேகமான கீறல், சற்று நிறுத்தி இன்னொன்று. எந்தக் கருவியையும்விட நான் நம்புவது இந்தச் சத்தத்தைத்தான். மூடியை உரசிக் குரல் எழுப்பும் பெட்டிக் கருவிக்கு எண்ணெய்ப்பசை இல்லாத சாக்குக்கட்டியே பூச வேண்டும், சாதாரணச் சாக்கில் சத்தம் மங்கும். மழையில் அது வேலை செய்யாது, அப்போது வாயில் வைக்கும் சவ்வுக் கருவிதான் உதவும். குச்சியால் உரசிக் குரல் எழுப்பும் ஸ்லேட் கருவியின் பரப்பைக் கை விரலால் தொட்டால் எண்ணெய் படிந்து குச்சி வழுக்கும். உப்புத்தாளால் ஒரே திசையில் தேய்த்துக்கொள்ளுங்கள்.

உரக்கவும் வேகமாகவும் கூவ ஒரே ஒரு சந்தர்ப்பம் உண்டு. சேவலோடு ஓர் அதிகாரப் பெட்டை இருந்து, அது உங்களுக்குப் பதில் சொன்னால், அதன் குரலையே அதைவிடச் சத்தமாகத் திருப்பிச் சொல்லுங்கள். போட்டிக்கு வந்தது யாரென்று பார்க்க அது வரும், சேவல் பின்னாலேயே வரும்.

சேவல் 70 கஜத்தில் நின்று கத்திக்கொண்டே இருந்தால் முன்னால் தவழ்ந்து போகாதீர்கள். துணைக்கு ஆள் இருந்தால் அவர் 50 கஜம் பின்னால் போய் மெதுவாகக் கூவட்டும். பெட்டை விலகிப் போகிறது என்று நினைத்துச் சேவல் உங்கள் பக்கம் நகரும். தனியாக இருந்தால் முக்கால் மணி நேரம் வாயைத் திறக்காமல் இருங்கள். கத்துவதை அது நிறுத்திவிட்டால் போய்விட்டதென்று எழுந்துவிடாதீர்கள். சத்தமில்லாமல் வரும் சேவல்கள் நிறைய. தோகை விரிக்கும் சேவல் எழுப்பும், நெஞ்சில் அதிர்வாகத் தெரியும் அடித்தொனி கேட்டால் அது பக்கத்தில் நிற்கிறது.

தோகை விரித்து நிற்கும்போது சுடாதீர்கள், கழுத்து உள்ளே இழுபட்டிருக்கும். ஒரு சின்னக் கொக்கரிப்புக் கொடுத்தால் தலையை உயர்த்தும். கழுத்தில் இறகு முடியும் இடம்தான் குறி. பருவத்துக்கு முன்பே 40 கஜத்தில் தாள் கட்டிச் சுட்டுப் பாருங்கள். 10 அங்குல வட்டத்துக்குள் 100 ரவைகள் விழாவிட்டால் ரவை சிதறுவதைக் கட்டுப்படுத்தும் குழல்முனைச் சோக்கையோ தோட்டாவையோ மாற்றுங்கள், அல்லது தூரத்தைக் குறையுங்கள். ஈயத்தைவிட அதிக அடர்த்தியுள்ள டங்ஸ்டன் ரவை வந்த பிறகு 60 கஜத்தில் சுடுவதைப் பெருமையாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அவ்வளவு தூரத்தில் தூரக்கணிப்பு சற்றுத் தவறினாலும் காயப்பட்ட பறவை காட்டுக்குள் போய்ச் சாகும். இப்படி வீணாக்கக்கூடிய பறவை அல்ல இது: 1937இல் பறவை அருகிப்போனதால் வேட்டையையே நிறுத்தி, பிடித்துக் கொண்டுபோய் விட்டுப் பெருக்கி, 1960இல்தான் மிசௌரி மறுபடி அனுமதித்தது.

தோகை விசிறியைக் கையில் பிடித்து அதன் பின்னால் தவழ்ந்து போகும் முறையையும் நான் எதிர்க்கிறேன். சேவல் ஏமாறுவது உண்மை. அடுத்த மேட்டில் இருக்கும் இன்னொரு வேட்டைக்காரரும் அதேபோல் ஏமாறுவார். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் சேவலின் தலை நிறங்கள், சட்டைக் காலரில்கூட வேண்டாம். வேறொருவர் நெருங்கி வருவது தெரிந்தால் கையை ஆட்டாமல் உரக்கப் பேசுங்கள். சுட்ட பறவையை ஆரஞ்சுத் துணியில் சுற்றித்தான் தோளில் போட வேண்டும். புதிதாக உரிமம் எடுக்கும் நம்மவர்கள் இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: மிசௌரியில் அன்றிரவு 10 மணிக்குள் பறவையைப் பதிவுசெய்துவிட வேண்டும்.