கடலை வேரில் காய்ப்பதில்லை

அந்தப் படம் இன்று காலை மறுபடியும் என் முகப்பில் வந்து நிற்கிறது. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். நிலக்கடலைச் செடியின் வேரில் கொத்துக் கொத்தாகக் காய்கள் தொங்குவதாக வரைந்திருக்கிறார்களே, அதுதான். தப்பு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னவர்களுக்குக் கிடைத்த பதில்: "சாப்பிடுற பொருள்தானே, எதுல காய்ச்சா என்ன?"

எதில் காய்க்கிறது என்பதை வைத்துத்தான் அந்த வெள்ளாமையே நடக்கிறது. கடலை வேரில் காய்ப்பதில்லை. பூவிலிருந்து காய்க்கிறது.

தரைக்கு மேலே மஞ்சள் பூ. காலையில் விரிந்து, பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுற்று, அன்றைக்கே வாடிவிடும். ஒரு வாரம் போல ஆனதும் அங்கிருந்து ஊசி மாதிரி ஒரு விழுது கீழே இறங்கும். காயாகப் போகும் சூல் அதன் நுனியில் இருக்கிறது. மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் போன பிறகு நுனி படுக்கைவாட்டில் திரும்பி, அந்த இருட்டில் பருக்கும். மண்ணைத் தொட முடியாத உயரத்தில் கிளம்பிய விழுது அப்படியே காய்ந்துபோகும். வேரில் இருக்கும் சின்ன உருண்டைகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியா முடிச்சுகள். அவை காய் இல்லை.

"இதெல்லாம் பாடப்புத்தகச் சமாச்சாரம்" என்கிறார்கள். சரி, வயலுக்கே வருவோம். வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச் சத்து நீரோட்டத்தோடு இலைக்குப் போய்விடும். மண்ணுக்குள் இருக்கும் காய்க்குத் திரும்பி வராது. காய் தன்னைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராக எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் விதைத்த 40–45ஆம் நாளில் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம், அதாவது சுண்ணாம்புச் சத்துள்ள உரம், போட்டு மண் அணைக்கச் சொல்கிறார்கள். செடியடியில், விழுது இறங்கும் இடத்தில் போட வேண்டும். அந்தச் சத்து கிடைக்காவிட்டால் ஓடு இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது. பொக்கு. மண் அணைத்த பிறகு களைக்கொத்தை உள்ளே விட்டால் விழுது அறுந்துபோகும், அந்தக் காய் போச்சு. வேரில் காய்க்கிறது என்று நம்புகிறவருக்கு இதில் எது புரியும்?

"சின்னப் பிழைக்கு இவ்வளவு கோபமா" என்று கேட்பவர்களே, அதே படத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது: கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க வேளாண் விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். இல்லை. கனடாவின் மார்செல்லஸ் எட்சன் 1884லேயே வறுத்த கடலையை அரைத்த விழுதுக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். தென் அமெரிக்காவில் அதற்கும் வெகு காலம் முன்பே கடலையை அரைத்துச் சாப்பிட்டார்கள். இரண்டு காட்டுச் செடிகள் கலந்து பிறந்த கடலையைப் பயிராக்கி வளர்த்தவர்களே அந்த மண்ணின் உழவர்கள்தான். பெரு நாட்டில் சிப்பான் என்ற இடத்திலுள்ள பழங்காலக் கல்லறையில் அரசனுக்குப் பொன்னிலும் வெள்ளியிலும் கடலை மாலை செய்து பூட்டியிருந்தார்கள். அவர்களைப் பற்றி அந்தப் படத்தில் ஒரு வரிகூட இல்லை.

கார்வரைக் குறைத்துச் சொல்கிறேன் என்று தயவுசெய்து வராதீர்கள். அவர்மேல் எனக்குள்ள மதிப்பில்தான் இது வலிக்கிறது. அடிமைத்தனத்தில் பிறந்த மனிதர். பருத்தியே போட்டுப் போட்டுச் சத்துப் போன அலபாமா மண்ணில் கடலையை மாற்றிப் பயிரிடச் சொன்னார். ஏழை உழவர்களிடம் பாடத்தைக் கொண்டுபோக 1906ல் ஒரு வண்டியையே வடிவமைத்தார். கடலையை எப்படி வளர்ப்பது, 105 விதமாக எப்படிச் சமைப்பது என்று 1916ல் கையேடு எழுதினார். அந்தக் கையேட்டில் வளர்ப்பதுதான் முதலில் வருகிறது, சமையல் அப்புறம்.