மேற்பரப்புச் சூட்டை மட்டும் பார்த்தால் போதாது

வங்கக்கடல் புயல்கள் வலுப்பெறக் கடலின் மேற்பரப்புச் சூடே காரணம் என்று நீங்கள் வெளியிட்ட கட்டுரை முடித்துவிட்டது. சரி, அந்தச் சூடு எவ்வளவு ஆழம் வரை இருக்கிறது? அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எங்கள் ஊரான அணைக்கட்டுப் பக்கம் சித்திரை வெயிலில் கிணற்றில் இறங்கினால் மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், காலடியில் சில்லென்று இருக்கும். கடலும் அப்படித்தான். புயல்காற்று கலக்கும்போது அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே வந்தால் புயலுக்குக் கிடைக்கும் வெப்பம் குறையும்.

ஆனால் வங்கக்கடலில் இந்தக் கலப்பு அவ்வளவு எளிதில் நடப்பதில்லை. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி ஆறுகள் கொட்டும் நன்னீரும் மழைநீரும் உப்பு குறைந்து லேசாக இருப்பதால் மேலேயே பரவி நிற்கின்றன. அதைக் கீழுள்ள கனத்த உப்புநீரோடு கலக்கக் காற்றுக்கு நிறைய சக்தி வேண்டும். பருவமழை முடிந்த மாதங்களில் அந்த நன்னீர் அடுக்குக்கு அடியிலும் பல இடங்களில் வெப்பம் தங்கியிருக்கும். அதனால் கலந்தாலும் கடல் அதிகம் குளிர்வதில்லை.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்த மழையும் வங்கக்கடல் தாழ்வு மண்டலம் கொண்டுவந்ததுதான். கடலுக்கடியில் உள்ள வெப்பம் எங்களையும் தொடும் விஷயம் என்பதால், கடலில் 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி வெப்பத்தையும் உப்பையும் அளக்கும் ஆர்கோ மிதவைகளைப் பற்றி அடுத்த கட்டுரையில் அவசியம் எழுதுங்கள்.