திங்கள், புதன், சனி: எங்கள் வலைகளுக்கு நாள் குறிக்கும் மாவட்டம்

யாழ்ப்பாணத்துக் குருநகரில் என் மாமாவின் வீட்டுக் குசினிச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில், ஒவ்வொரு கிழமையும் மூன்று நாட்கள் நீலப் பேனையால் குறுக்கே கோடிழுக்கப்பட்டிருக்கும். திங்கள், புதன், சனி. அந்த இரவுகளில் அவர் வலை விடுவதில்லை, ஏனெனில் தமிழ்நாட்டு எதிர்க்கரையிலிருந்து றோலர்கள், அதாவது கடலடியில் மடி இழுக்கும் விசைப்படகுகள், வருவது அந்த நாட்களில்தான். சில ஆண்டுகளுக்கு முன் கடன் நெருக்கியதால் ஒரு சனிக்கிழமை துணிந்து போனார். விடியற்காலையில் கரை திரும்பியபோது படகில் நான்கு மிதவைகளும் அறுந்த கயிற்றின் ஒரு துண்டும் மட்டுமே இருந்தன. அன்றிலிருந்து, கடலுக்குப் போகுமுன் காற்றைப் பற்றிக் கேட்பதற்கும் முதலில், "தம்பி, நாளைக்கு என்ன கிழமை?" என்றுதான் கேட்பார்.

இந்த மூன்று நாட்களைத் தீர்மானித்தவர்கள் யார் என்று நம்மில் பலர் யோசித்ததில்லை. இராமநாதபுரம் மாவட்டக் கரையில் விசைப்படகுக்காரர்களுக்கும் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் இடையே மோதல்கள் மூண்டதால், விசைப்படகுகளுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்று கிழமையைப் பங்கிட்டுக் கொடுத்த உள்ளூர் ஏற்பாடு அது. தங்கள் சிறுமீனவரைக் காப்பாற்ற அங்கே எழுதப்பட்ட அந்தப் பங்கீட்டின் மறுபாதி யாழ்ப்பாணத்துக் குசினிச் சுவரில் வந்து விழுந்திருக்கிறது. எல்லை தாண்டி வரும் இந்தப் படகுகளின் பிரச்சினையைப் பற்றிப் பேசும்போது டெல்லியையும் கொழும்பையும் கச்சதீவையும் மட்டுமே பேசுகிறோம். எதிரே இருக்கும் அந்த மாவட்டத்தைப் பற்றி ஒன்றும் அறியாமலே பேசுகிறோம் என்பதுதான் என் குறை.

அந்த மாவட்டம் நமக்கு அந்நியமான நிலமன்று. பனை, வெயில், உப்புக்காற்று, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிய ஒருபோக நெல், இவையெல்லாம் நாம் அறிந்தவையே. நமக்குச் சுண்ணாம்புக்கல்லின் அடியில் கிணற்று நீர் இருக்கிறது, அவர்களுக்குக் கண்மாய். நீரைக் கரை கட்டித் தேக்கும் அந்தக் கண்மாய்களை நம்பித்தான் வேளாண்மை நடக்கிறது. வைகை ஆறு இராமநாதபுரம் பெரிய கண்மாயை எட்டுவதற்குள் மேற்கே உள்ள ஊர்கள் தங்கள் பங்கை எடுத்துவிடுவதால், கடைமடைக்குத் தண்ணீர் வருவதே சில ஆண்டுகளில் செய்தியாகிவிடும். குடிநீரோ காவிரியிலிருந்து குழாய் வழியே வருகிறது. அந்த வறட்சியிலும் விளையும் உருண்டையான முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது என்பதைச் செத்தல் மிளகாயில் உயிரை வைத்திருக்கும் நம்மவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். நிலம் இப்படிக் கைவிரிக்கும் இடத்தில் மக்கள் கடலைப் பார்ப்பது இயல்பு. தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இந்த ஒரு மாவட்டத்துக்குரியது. தெற்கே அலையடிக்கும் மன்னார் வளைகுடாவை அங்கே ஆண்கடல் என்றும், வடக்கே குளம்போல் கிடக்கும் பாக்குநீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். இந்தப் பெண்கடல் பெரும்பாலும் 15 மீற்றர் ஆழத்தைத் தாண்டாதது. மடி தரையைத் தொட அதிக கயிறு தேவையில்லை.

வரலாற்றை நீட்ட விரும்பவில்லை, ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. யாழ்ப்பாணத்தை ஆண்ட நம் ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட நாணயங்களில் நந்தியின் கீழ் "சேது" என்று பொறித்தார்கள். எதிர்க்கரையில் இராமநாதபுரத்தை ஆண்டவர்கள் சேதுபதிகள் என்று பெயர் கொண்டார்கள். ஒரே சொல்லை இரு கரைகளும் பட்டமாகச் சூடியிருந்தன. பாம்பன் பாலம் திறந்த 1914 முதல் தனுஷ்கோடி வரை ரயிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடின. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோனது. 1983இற்குப் பிறகு இங்கிருந்து ஓடிய நம் சனம் கரையேறியதும் அந்த மாவட்டத்தில்தான். மண்டபம் அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவர்கள் இன்று என் தெருவிலேயே இருக்கிறார்கள்.

நிர்வாக வரலாறுதான் எனக்கு மிகவும் விசித்திரமாகப் படுகிறது. மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து 1910இல் இராமநாதபுரம் மாவட்டத்தை அமைத்த ஆங்கிலேயர், அதன் கச்சேரியை, அதாவது ஆட்சியர் அலுவலகத்தை, மதுரையிலேயே வைத்தார்கள். சுதந்திரம் வந்தது, ஜமீன்தாரி ஒழிந்தது, கச்சேரி மட்டும் நகரவில்லை. 1985இல் சிவகங்கையும் விருதுநகரும் தனி மாவட்டங்களாகப் பிரியும் வரை, இராமேஸ்வரத்து மீனவர் ஒருவர் ஆட்சியரைப் பார்க்க வேண்டுமென்றால் ரயிலில் பாம்பனைக் கடந்து, தன் மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய ஊரையும் கடந்து, ஏறத்தாழ 170 கிலோமீற்றர் பயணம் செய்து வேறொரு மாவட்டத்தின் தலைநகருக்குப் போக வேண்டியிருந்தது. வீதிப் பாலம் 1988இல்தான் வந்தது. றால் ஏற்றுமதிக்காக விசைப்படகுகள் பெருகியதும், நாட்டுப்படகுகளுடன் மோதல் தொடங்கியதும் கச்சேரி தொலைவில் இருந்த அந்த ஆண்டுகளில்தான். கரையை நாள்தோறும் பார்க்கும் அதிகாரி இருந்திருந்தால் படகுகளின் எண்ணிக்கையை அப்போதே கட்டுப்படுத்தியிருக்கலாம் என்பது என் கருத்து. நெடுந்தீவிலிருந்து ஒரு கையெழுத்துக்காகப் படகும் பேருந்தும் மாறி யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வரும் சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இப்போது நிலைமை வேறு. ஒரு விசைப்படகு கடலுக்குப் போக வேண்டுமென்றால் மீன்வளத் துறை அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு பெற வேண்டும், டோக்கன் என்பார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் டோக்கன் கொடுக்கமாட்டார்கள், படகுகள் கரையிலேயே கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்திலும் அப்படியே. ஆகவே அங்குள்ள நிர்வாகத்தால் படகுகளை நிறுத்த முடியாது என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. ஆண்டுதோறும் இரண்டு மாதம் நிறுத்திக் காட்டுகிறார்கள். நடுக்கடலில் கடற்படை படகுகளைப் பிடிப்பதும், ஏழைத் தொழிலாளிகள் சிறையில் கிடப்பதும், உயிர்கள் போவதும் எனக்கு உவப்பானவையல்ல. எல்லை தாண்டிய படகுக்கு அடுத்த டோக்கனை மறுக்கும் அதிகாரம் ஒரு அலுவலக மேசையில் இருக்கும்போது, அந்த வேலையைத் துவக்கிடம் ஏன் விடவேண்டும்?

நம் பக்கமும் சுத்தமில்லை. 2017இல் இலங்கை நாடாளுமன்றம் கடலடி இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது; ஆயினும் இங்கேயும் இழுவைமடி இழுப்பவர்கள் உண்டு என்பதைக் குருநகர்க்காரனாகிய நான் மறைக்க முடியாது. நம் கரையில் அதை நிறுத்தாமல் அவர்கள் கரையில் நிறுத்தச் சொல்வது எடுபடாது.

என் கோரிக்கை சிறியது. நெடுந்தீவுப் பிரதேச செயலர் பிரிவுக்குள் வரும் கச்சதீவில் அந்தோனியார் திருவிழாவை ஒழுங்கு செய்ய யாழ்ப்பாணக் கச்சேரியில் ஆண்டுதோறும் கூட்டம் நடக்கிறது. இரு நாட்டு அடியவர்களும் வரும் திருவிழா அது. அந்த நாட்களில் இரு மாவட்டங்களின் கடற்றொழில் அதிகாரிகளும் இரு கரைச் சங்கங்களும் அங்கேயே ஒரு பகல் இருந்து, யார் எந்த நாளில் எந்தப் பக்கம் தொழில் செய்வது என்று ஒரு பொது நாட்காட்டியை எழுதட்டும். கையெழுத்திட டெல்லியும் கொழும்பும் பிறகு வரலாம்.

மாமா இதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஏப்ரல் 15இலிருந்து அவருடைய நாட்காட்டியில் கோடுகள் இருப்பதில்லை. ஜூன் 14இற்கு அடுத்த கிழமையில் மறுபடியும் தொடங்குகின்றன.