பொருளுக்குப் பணம் உண்டு, ஆளுக்கு இல்லையா?

"சம்பளத்துக்கெல்லாம் நாங்க தர்றதில்லை சார். பொருளா ஏதாவது கேளுங்க." இனி எந்த கம்பெனியின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு நிதி) அதிகாரி இதைச் சொன்னாலும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது.

விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் மாலைநேரப் படிப்பு மையங்கள் நடத்தும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. பெற்றோர் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்விடுவதால் படிப்பை பாதியில் விட்ட பிள்ளைகளை மறுபடி பள்ளியில் உட்காரவைப்பதுதான் வேலை. இதில் செலவு என்பதே ஆள்தான். உள்ளூரில் டிகிரி முடித்த ஒரு பெண் சாயங்காலம் வந்து சொல்லிக்கொடுக்கிறார். வராத பிள்ளையின் வீடு தேடிப்போய் பாட்டியிடம் பேசி அழைத்துவருகிறார். ஆறாம் வகுப்புப் பையனுக்கு எழுத்துக் கூட்டப் பழக்குகிறார். அவருக்குச் சம்பளம் தரமாட்டார்களாம். ஸ்கூல் பை தருவார்களாம், டேப்லெட் தருவார்களாம், சுவருக்குப் பெயிண்ட் அடித்து லோகோ வரைவார்களாம். ஆள் இல்லாத மையத்தில் டேபை வைத்துக்கொண்டு பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

கேட்டால் சட்டத்தைக் காட்டுகிறார்கள். "நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது சார், ரூல் இருக்கு." இதைக் கேட்டுத்தான் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. 2021 ஜனவரியில் திருத்திய சி.எஸ்.ஆர். விதிகளில் அந்த 5 சதவீதம் இருப்பது உண்மைதான். ஆனால் அது கம்பெனி தன்னுடைய சி.எஸ்.ஆர். பிரிவை நடத்த ஆகும் பொது நிர்வாகச் செலவுக்குப் போட்ட வரம்பு. ஒரு திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகும் செலவு இதில் சேராது என்று அந்த விதியிலேயே எழுதியிருக்கிறது. தங்களுக்குப் போட்ட கடிவாளத்தைக் கழற்றி எங்கள் வாயில் மாட்டுகிறார்கள்! பாடம் சொல்லித்தருவது நிர்வாகமா? அதுதானே ஐயா திட்டமே!

அப்புறம், இது யாருடைய கருணையும் இல்லை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயை எட்டிய கம்பெனிகூட கடந்த மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவழித்தாக வேண்டும். ஆனாலும் எங்களைக் கைகட்டி நிற்கவைக்கிறார்கள். வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி, தொண்டு நிறுவனங்களுக்கான அரசுத் தளத்தின் தர்பன் எண், சி.எஸ்.ஆர். நிதி வாங்கத் தேவையான சி.எஸ்.ஆர்.-1 பதிவு, மூன்று வருட ஆடிட் கணக்கு எல்லாம் கொடுக்கிறோம். கணக்குக் கேட்பது நியாயம், கேட்கட்டும். ஆனால் அதே விவரத்தை ஒவ்வொரு கம்பெனியும் தன் ஃபார்மட்டில், ஆங்கிலத்தில், புதிதாக எழுதித்தரச் சொல்கிறது. அதை எழுதும் ஆளுக்கும் சம்பளம் கிடையாது, ஆடிட்டர் ஃபீஸும் கிடையாது. இரண்டும் 'நிர்வாகச் செலவு'!

வருடம் முழுக்க மெயிலுக்குப் பதில் போடாதவர்கள் பிப்ரவரி கடைசியில் போன் செய்வார்கள். மார்ச் 31க்குள் செலவழித்து யூ.சி. (பணத்தைச் செலவழித்ததற்கான சான்றிதழ்) கொடுக்க வேண்டுமாம். மார்ச், பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம். ஒரு மாதத்தில் எந்த மையத்தைத் திறந்து எந்தப் பிள்ளையைத் தேற்றுவது? ஆக, அந்தப் பணமும் பொருளாகத்தான் போகிறது. போட்டோ எடுத்ததும் எல்லாம் முடிந்தது.

வெளிநாட்டு நிதியை நம்பவும் வழியில்லை. முன்பெல்லாம் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு (வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அனுமதி) உள்ள பெரிய தொண்டு நிறுவனம் தன் நிதியில் ஒரு பங்கை எங்களைப் போன்ற சிறியவர்களுக்குக் கொடுத்து வேலை செய்யவைக்கும். 2020 சட்டத் திருத்தம் அப்படிக் கைமாற்றுவதையே தடை செய்துவிட்டது.

இத்தனைக்கும் மேல், ஒரே ஒரு வருடத்துக்குப் பணம் தருபவர்கள் கேட்கும் கேள்வி: "எங்க ஃபண்டிங் முடிஞ்சதும் எப்படித் தொடர்ந்து நடத்துவீங்க?" எப்படி நடத்துவது? செங்கல் சூளைக்காரர் பிள்ளையிடம் டியூஷன் ஃபீஸ் வாங்கியா?

எல்லாரையும் சொல்லவில்லை. சம்பளத்தோடு சேர்த்து மூன்று வருடத்துக்கு ஒப்புக்கொண்ட ஒரு கம்பெனியும் உண்டு. அவர்கள் பணத்தில் தொடங்கிய மையங்கள்தான் இன்றும் நிற்கின்றன. மற்ற இடங்களில், பிள்ளைகள் 'அக்கா' என்று ஒட்டிக்கொண்ட டீச்சர்கள் சிப்காட் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை, அவர்கள் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும். ஆனால் அவர்கள் போன கையோடு பிள்ளைகளும் வருவதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பொறுப்பு யாருடையது?

அடுத்த மீட்டிங்குக்கு அந்த விதியின் நகலைக் கையோடு எடுத்து வருகிறேன். என் முன்னாலேயே படித்துப் பாருங்கள். பன்னிரண்டு மாதச் சம்பளம் தர முடியாது என்று எந்த விதியின்கீழ் சொல்கிறீர்கள் என்பதை எழுத்தில் கொடுங்கள்.