இரண்டு வாரத்தில் ஆறுவது ஈறுதான்

"எலும்புத் தூள் வைத்தால் இரண்டே வாரத்தில் இறுகிவிடும், உடனே இம்ப்ளாண்ட் பொருத்தலாம்" என்று, பல் போன இடத்தில் தாடை எலும்பை நிரப்புவது பற்றி மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். (இம்ப்ளாண்ட் என்பது தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல் வேர்.) தவறு, ஐயா. இரண்டு வாரத்தில் ஆறுவது ஈறு. தையல் பிரித்ததும் எல்லாம் முடிந்ததுபோல் தோன்றும். உள்ளே வைத்த துகள் கொடிக்குப் போட்ட பந்தல் மாதிரி. அதன் இடுக்குகளில் ரத்தக் குழாய்கள் புகுந்து, நம் செல்களே புது எலும்பை வளர்க்க வேண்டும். அதற்குப் பொதுவாக 4 முதல் 6 மாதங்கள் பிடிக்கும். மேல் கடைவாயில் சைனஸ் (பல்லுக்கு மேலே உள்ள காற்றறை) தளத்தை உயர்த்தியிருந்தால் இன்னும் கூடலாம். (துகள் பல நேரங்களில் பதப்படுத்திய மாட்டெலும்பு, வேண்டாதவர்கள் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.) எலும்பு ஓரளவு இருந்து, சிறு குறையை மட்டும் நிரப்புவதானால் துகளையும் இம்ப்ளாண்டையும் ஒரே நாளில் வைப்பதுண்டு. அதைச் சிபிசிடி ஸ்கேன் (தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே) பார்த்து மருத்துவர் சொல்லட்டும். புகைப்பவர்களுக்கு இந்த எலும்பு ஒட்டு தோற்கும் வாய்ப்பு அதிகம் என்பதை இங்கே ஒருவர்கூடச் சொல்லவில்லையே!