மிதக்கும் சோலார்: முதலில் மோர்தானா, அப்புறம் காவேரிப்பாக்கம்

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அப்போது நம் வேலூர் பக்கம் எவ்வளவு பேச்சு, எவ்வளவு ஆதங்கம்! வெயில் கொண்டுபோகும் தண்ணீருக்கு மட்டும் நாம் கணக்குக் கேட்பதே இல்லை. ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு 20,000 லிட்டர். 125 ஏக்கர் நீர்ப்பரப்பு இருந்தால் அந்த ரயிலின் ஒரு நடைத் தண்ணீர் அளவு ஒரே நாளில் போய்விடும். வேலூர் சித்திரை வெயிலுக்கு 5 மில்லிமீட்டர் என்பதே குறைவான கணக்குதான்.

அதனால்தான் மிதக்கும் சோலார் நம் பக்கம் வந்தே ஆகவேண்டும் என்கிறேன். ஏரி, அணைத் தண்ணீர் மேல் மிதவைகளில் சோலார் பேனல்களை நிறுத்துவதுதான் அது; பேனல் நிழலில் தண்ணீர் ஆவியாவதும் குறையும். இது ஒன்றும் புதுப் பரிசோதனை இல்லை. தூத்துக்குடியில் ஸ்பிக் உர ஆலையின் நீர்த்தேக்கத்தில் 22 மெகாவாட் நிலையம் 2022 மார்ச்சிலேயே வந்துவிட்டது. தெலங்கானாவின் ராமகுண்டத்தில் மத்திய அரசின் மின் நிறுவனமான என்டிபிசி சுமார் 500 ஏக்கர் நீர்ப்பரப்பில் 100 மெகாவாட் அமைத்திருக்கிறது. அங்கே ஆண்டுக்கு 32.5 லட்சம் கன மீட்டர் தண்ணீர் ஆவியாகாமல் மிச்சமாகும் என்பது அரசு சொன்ன கணக்கு. தோல் தொழிற்சாலைக் கழிவால் வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் எத்தனையோ கிணறுகள் வாயில் வைக்க முடியாமல் போன ஊர் நம்முடையது. மேலே தேங்கி நிற்கும் நல்ல தண்ணீர் ஒவ்வொரு குடமும் முக்கியம்.

மின்சாரத்திலும் லாபம் உண்டு. மே மாத மதியத்தில் மொட்டை மாடி பேனலில் கை வைத்தால் சுரீர் என்று சுடும். சூடு ஒரு டிகிரி ஏறினால் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். தண்ணீருக்கு மேல் பேனல் அவ்வளவு சூடாகாது. தரையில் ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் நிலம் வேண்டும். இங்கே ஒரு சென்ட் விளைநிலம்கூடப் போகாது. சோலார் மின்சாரம் கிடைக்கும் பகலிலேயே பம்புசெட்டையும் ஓட்டிக்கொள்ளலாம்.

சரி, எல்லா ஏரியிலும் போட்டுவிடலாமா? கூடாது. இதில் நான் ரொம்பப் பிடிவாதமாக இருக்கிறேன். நம் ஏரிகள் மழையை நம்பியவை, ஆழம் குறைந்தவை. காவேரிப்பாக்கம் பல்லவர் காலத்து ஏரி, பாலாறு அணைக்கட்டிலிருந்து கால்வாயில் தண்ணீர் வரவேண்டும். பாலாற்றில் வெள்ளம் வராத வருஷம் கோடையில் தரை வெடித்துக் கிடக்கும். அப்போது மிதவைகள் சேற்றில் குந்திக்கொள்ளும். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம் என்று இறங்கினால் இணைப்புகள் முறுக்கிக்கொள்ளும், பேனல் விரிசல் விடும். தூர் வாராமல், வரத்துக் கால்வாயைச் சரிசெய்யாமல் மேலே பேனலை மிதக்கவிடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வண்டல் மண்ணை முதலில் வெளியே எடுங்கள். விவசாயியே வண்டி கொண்டுவந்து அள்ளிக்கொள்வார்.

மீன் குத்தகை எடுத்தவர்களையும் மறக்கக் கூடாது. ஏரி முழுக்க மூடினால் வலை வீச இடம் ஏது? கீழே வெளிச்சம் போகாவிட்டால் பாசி குறையும், மீனுக்கு இரை குறையும். நீர்ப்பறவை இறங்கவும் திறந்த தண்ணீர் வேண்டும்.

என் யோசனை இதுதான். குடியாத்தம் பக்கம் மோர்தானா அணையில் ஒரு சின்னப் பகுதியில் முதலில் போட்டுப் பாருங்கள். 11.5 மீட்டர் உயரமுள்ள அணை, ஏரிகளைவிட ஆழம். நிரம்பினால் வழிந்தோடும் அணை என்பதால் மிதவைகளை வழியும் பக்கத்தை விட்டுத் தள்ளி, நல்ல நங்கூரம் போட்டு நிறுத்த வேண்டும். பேனல் கீழேயும் திறந்த இடத்திலும் ஆவியாகும் அளவு, மீன் வரத்து, கிடைத்த யூனிட் எல்லாவற்றையும் மூன்று கோடை எழுதி வைத்து, குடியாத்தத்தில் பாசன விவசாயிகளையும் மீனவர்களையும் கூட்டி வாசித்துக் காட்டட்டும். காவேரிப்பாக்கத்தைப் பற்றி அதற்கப்புறம் பேசுவோம்.